ராத்திரி இரண்டு மணிக்கு ‘நிறுத்து’ என்று சொல்வது யார்?

பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை, 140 பேர் வேலை பார்க்கிறார்கள், துணி வாங்கும் பையர் கேட்டதால் ஐ.எஸ்.ஓ. 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலை) எடுக்கப் போகிறீர்கள். குவாலிட்டியில் இருந்த உங்களைக் கூப்பிட்டு ‘இனி நீங்கதான் எம்.ஆர்., சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டார்கள். கன்சல்டன்ட் யாருக்கு என்ன பொறுப்பு என்று ஒரு பெரிய அட்டவணையை அனுப்பி, பெயர்களை நிரப்பச் சொல்லியிருக்கிறார். நிரப்பிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்டிபிகேட் வாங்க ஒருவேளை போதும். உங்களுக்குப் போதாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பத்துப் பதினைந்து வருடமாக ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பக்கமும் ஆடிட் பக்கமும் மாறி மாறி நின்றவன் என்பதால், இந்த அட்டவணை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

முதலில் அந்த ‘எம்.ஆர்.’ என்ற சொல். 2004 பதிப்பில் மேலாண்மைப் பிரதிநிதி (மேனேஜ்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ், அதுதான் எம்.ஆர்.) என்று ஒருவரை நியமிப்பது கட்டாயமாக இருந்தது. 2015 பதிப்பு அந்தப் பதவிப் பெயரையே எடுத்துவிட்டது. காரணம் எளிது. எம்.ஆர். என்று ஒருவர் இருந்தாலே மற்ற எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். ‘அது ஐ.எஸ்.ஓ. வேலை, எம்.ஆர். பார்த்துக்குவார்.’ இப்போது 5.3ஆவது பிரிவு சொல்வது இரண்டே வரி. யார் யாருக்கு என்ன பொறுப்பு, என்ன அதிகாரம் என்பதை நிர்வாகத் தலைமை ஒப்படைத்து, அதை நிறுவனத்துக்குள் தெரியப்படுத்த வேண்டும். அதில் இரண்டு வேலைகளை மட்டும் தனியாகச் சொல்லி, கட்டாயம் ஆள் வேண்டும் என்கிறது: மேலாண்மை முறை தரநிலையின்படி இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, அது எப்படிப் போகிறது, சுற்றுச்சூழல் விளைவு என்ன என்று தலைமைக்குச் சொல்வது இன்னொன்று. அந்த இரண்டை ஒருவரிடம் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம், எம்.ஆர். என்றே கூப்பிட்டுக்கொள்ளவும் தடை இல்லை. ஆக உங்கள் வேலை அந்த இரண்டு. ‘எல்லாமே’ உங்கள் பொறுப்பு என்று எந்தப் பிரிவிலும் இல்லை. இதை முதலாளியிடம் மரியாதையாக, ஆனால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வாசகத்தில் ‘பொறுப்பும் அதிகாரமும்’ என்று இரண்டும் சேர்ந்தே வருகிறது. கன்சல்டன்ட் கொடுத்த அட்டவணையில் அதிகாரம் என்று ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பத்தில் எட்டில் இருக்காது. எல்லாம் பொறுப்பு, பொறுப்பு, பொறுப்பு.

அதிகாரம் இல்லாத பொறுப்பு என்றால் என்ன என்பதை ஒரு ராத்திரி நேரில் பார்த்தேன். நடந்தது எந்த யூனிட் என்பது வேண்டாம். ஆடிட்டுக்காக முந்தின நாளே போய்த் தங்கியிருந்தேன். தூக்கம் வரவில்லை என்று ஈ.டி.பி. பக்கம் நடந்து போனேன், மணி ஒன்றரை இருக்கும். எம்.ஈ.ஈ., அதாவது கடைசிக் கழிவுநீரை ஸ்டீமால் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிற மெஷின், நின்று கிடந்தது. பாய்லரில் ஸ்டீம் இறங்கியதால் வேக்வம் போய் டிரிப் ஆகியிருந்தது. ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் (கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை) உள்ள யூனிட்டில் எம்.ஈ.ஈ. நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில், தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ.வில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீர் சேரும் ரிஜெக்ட் டேங்க் நிரம்பும். அது நிரம்பினால் ஆர்.ஓ.வை நிறுத்த வேண்டும். ஆர்.ஓ. நின்றால் அதற்கு முன்னால் இருக்கிற ஒவ்வொரு டேங்கும் பின்னோக்கி நிரம்பிக்கொண்டே வந்து, கடைசியில், டையிங் கழிவுநீர் முதலில் வந்து சேரும் ஈக்வலைசேஷன் டேங்கில் வந்து நிற்கும். டையிங்கில் மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு பேட்சும் டிரெயின் ஆகும்போது டேங்கில் மட்டம் ஏறுவது கண்ணால் தெரிந்தது. விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்.

ஆபரேட்டர் சின்னப் பையன். டேங்க் ஓரத்தில் டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றான். ‘டையிங்கில் சொல்லி நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே’ என்றேன்.

‘சொன்னனுங்க சார். மாஸ்டர் ஜி.எம்.கிட்டக் கேளுன்னாருங்க. ஜி.எம். போன் எடுக்கலீங்க.’

‘உங்க இன்சார்ஜ்?’

‘அவரும் மாஸ்டர்கிட்டப் பேசச் சொன்னாருங்க.’

மறுநாள் காலை ஃபைலைத் திறந்து பார்த்தேன். அவசரகால நடைமுறை என்று பக்காவாக ஒரு பக்கம் இருந்தது: ‘ஈ.டி.பி. பொறுப்பாளர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ தக்க நடவடிக்கை என்றால் எது? அந்தப் பையனிடம் இருந்த ஒரே நடவடிக்கை போன் அடிப்பதுதான். அதை அவன் பதினோரு தடவை செய்திருந்தான். கடைசியில் பாய்லர்காரர் எப்படியோ ஸ்டீமை ஏற்றி எம்.ஈ.ஈ.யை எடுத்ததால் தப்பித்தார்கள்.

ஆகவே உங்கள் அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது இந்த மாதிரி ஒரு வாக்கியம்: ‘ஈக்வலைசேஷன் டேங்க் 80 சதவீதத்தைத் தாண்டினால், அந்த ஷிஃப்டில் இருக்கும் ஈ.டி.பி. ஆபரேட்டர் புதிய பேட்ச் ஏற்ற வேண்டாம் என்று டையிங் சூப்பர்வைசரிடம் சொல்லலாம். சொன்ன பிறகு ஏற்றக் கூடாது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. காரணத்தை மறுநாள் காலை பேசிக்கொள்ளலாம்.’ கீழே முதலாளியின் கையெழுத்து, தேதி. எத்தனை சதவீதம் என்பது உங்கள் டேங்க் கொள்ளளவைப் பொறுத்தது, கணக்குப் போட்டு வையுங்கள். ஓடுகிற பேட்சை நடுவில் நிறுத்தினால் துணி போய்விடும் என்று மாஸ்டர் சண்டைக்கு வருவார், அவர் சொல்வது நியாயம். அதனால்தான் ‘புதிய பேட்ச்’ என்று எழுதச் சொல்கிறேன். உள்ளே இருக்கிற பேட்சுகள் முடியும்போது வெளியே வரும் தண்ணீருக்கு மிச்ச 20 சதவீதத்தில் இடம் இருக்க வேண்டும்.

இதற்கு முதலாளி சம்மதிப்பாரா என்றால், உடனே சம்மதிக்க மாட்டார். 18,000 ரூபாய் சம்பளக்காரன் என் மெஷினை நிறுத்துவதா என்பார். அந்த இடத்தில்தான் அவருக்கு இந்த மேலாண்மை முறை வேண்டுமா, சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட் மட்டும் வேண்டுமா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போபாலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குளிர்பதன யூனிட் நிறுத்தப்பட்டிருந்ததையும், வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்ததையும் சொல்வார்கள். அந்த டிசம்பர் 1984 ராத்திரிக்குச் சில நாட்கள் முன்னால், செலவைக் குறைக்க ராத்திரி ஷிஃப்டின் பராமரிப்புச் சூப்பர்வைசர் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது தடுப்புத் தகடு செருகுவது பராமரிப்புப் பிரிவின் வேலை. வேலை இருந்தது, அதைப் பார்க்கச் சொல்லும் ஆள் இல்லை. உங்கள் யூனிட்டில் யாராவது ராஜினாமா செய்தாலோ, ஒரு பதவியை எடுத்தாலோ, அவர் கையில் இருந்த ஈ.எம்.எஸ். (சுற்றுச்சூழல் மேலாண்மை முறை) வேலை யாருக்குப் போகிறது என்று அன்றே எழுதுகிற பழக்கம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, இரண்டாவது விஷயம். அட்டவணைகளில் நான் அதிகம் பார்க்கிற தப்பு, கழிவு போய்ச் சேருகிற இடத்தில் பொறுப்பை வைப்பது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) கூடிவிட்டதா, ஈ.டி.பி. இன்சார்ஜைக் கூப்பிடு. ஆனால் அந்த டி.டி.எஸ்.ஸை உண்டாக்குவது அவரா?

ஒரு கணக்குப் பாருங்கள். 500 கிலோ துணி, கருப்பு ஷேட், ரியாக்டிவ் சாயம். லிக்கர் ரேஷியோ (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:6 என்றால் பாத்தில் 3,000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 80 கிராம் உப்பு போட்டால் 240 கிலோ. அதே மெஷினில் மாஸ்டர் ‘ஷேட் ஈவனா வரணும், தண்ணி கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று 1:8க்குப் போனால் 4,000 லிட்டர், 320 கிலோ உப்பு. ஒரே பேட்சில் 80 கிலோ உப்பு அதிகம், தண்ணீரும் 1,000 லிட்டர் அதிகம். இது பின்னால் ஈ.டி.பி.யில் ஆர்.ஓ. பிரஷரை ஏற்றும், ரெக்கவரியைக் குறைக்கும், ரிஜெக்ட்டைக் கூட்டும், எம்.ஈ.ஈ. தின்னும் ஸ்டீமைக் கூட்டும், பாய்லரில் எரிகிற விறகைக் கூட்டும். ஐந்து இடத்தில் செலவு, ஐந்து இடத்தில் சுற்றுச்சூழல் பாதிப்பு, முடிவெடுத்தவர் ஒரே ஒருவர். அவருடைய வேலை விவரத்தில் ‘சுற்றுச்சூழல்’ என்ற வார்த்தையே இருக்காது. உற்பத்தி, ஷேட், ரீபிராசஸ் சதவீதம், அவ்வளவுதான்.

ஆகவே உப்பும் தண்ணீரும் டையிங் மாஸ்டரின் பொறுப்பு. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு என்பது மாதா மாதம் அவர் வாயால் ரெவ்யூவில் வர வேண்டும். ஈ.டி.பி. இன்சார்ஜ் வந்த தண்ணீரைச் சரியாகச் சுத்திகரித்தாரா என்பதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால், மாஸ்டரும் இன்சார்ஜும் ஒரு மாதம் முறைத்துக்கொள்வார்கள், அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து ரெசிபியைத் திருத்துவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கன்சல்டன்ட்டின் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரோடு நடந்து பாருங்கள். நல்ல தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஆரம்பித்து, எம்.ஈ.ஈ.யில் உப்பு மூட்டையாக வெளியே வரும் வரைக்கும். ஒவ்வொரு வால்விலும் நின்று மூன்று கேள்வி: இதைத் திருப்புகிற கை யாருடையது, அவருக்குச் சொல்வது யார், வேண்டாம் என்று தடுக்கக்கூடியவர் யார். பதிலை நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடங்களெல்லாம் உங்கள் ஓட்டைகள். அதே மாதிரி இன்னொரு நாள் டிரம்மோடு நடங்கள்: ரசாயனம் ஸ்டோருக்கு வருவதில் ஆரம்பித்து, காலி டிரம்மை யார் எங்கே கொண்டுபோகிறார் என்பது வரை. காலி டிரம் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும், சொல்லிவிட்டேன்.

முதலாளியின் பொறுப்புக்கு வருவோம். அவர் செயலைத்தான் உங்களிடம் ஒப்படைக்க முடியும். பதில் சொல்ல வேண்டிய கடமை அவரோடுதான் இருக்கும். தரநிலையின் 5.1ஆவது பிரிவு மேலாண்மை முறை பலன் தருகிறதா என்பதற்குத் தலைமையே பதில் சொல்ல வேண்டும் என்கிறது. தரநிலையை விடுங்கள், சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, கம்பெனி தப்பு செய்தால் அந்தச் சமயத்தில் கம்பெனி நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கான சட்டப்படி, கம்பெனியாக இருந்தால் ‘ஆக்குபையர்’ (தொழிற்சாலை விவகாரங்களில் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர்) என்பவர் டைரக்டர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஆகவே எந்தப் படிவத்திலாவது ஆக்குபையர் என்ற இடத்தில் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னால், போடாதீர்கள். ‘சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்பார்கள்.

திருப்பூரில் இருந்தவர்களுக்கு 2011 ஜனவரி நினைவிருக்கும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, விவசாயிகள் வழக்குப் போட்டு, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொன்னது. அன்றைக்கு யார் யூனிட்டில் எம்.ஆர். யார் என்று எவரும் கேட்கவில்லை. முதலாளிக்கு இதைவிட நன்றாகப் புரியும் உதாரணம் வேறு இல்லை.

தேதிகளுக்கும் ஆள் பெயர் வேண்டும். அபாயக் கழிவு ஆண்டறிக்கை, படிவம் 4, ஜூன் 30க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் 5, செப்டம்பர் 30க்குள். ஈ.டி.பி. ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு) 90 நாளுக்கு மேல் உள்ளே கிடக்கக் கூடாது. கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) புதுப்பிப்பு தனி. ஒவ்வொன்றுக்கும் செய்கிறவர் ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர், பத்து நாள் முன்னால் நினைவூட்ட நீங்கள். ஒரு யூனிட்டில் கன்சென்ட் புதுப்பிக்க உட்கார்ந்தால், ஆன்லைன் கணக்கின் ஓ.டி.பி. வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒருவரின் போனுக்குப் போகிறது. அவர் இவர்களோடு மனஸ்தாபத்தில் போனவர். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கணக்கு கம்பெனி நம்பரில் இருக்கட்டும்.

பர்ச்சேஸ்காரரை மறக்காதீர்கள். ‘அதே ஐட்டம், கிலோவுக்கு 12 ரூபாய் கம்மி’ என்று புது சப்ளையரிடம் வாங்கிவிடுவார், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்புத் தகவல் தாள் வராத ரசாயனத்தை ஸ்டோர்கீப்பர் இறக்க மறுக்கலாம் என்ற அதிகாரத்தையும் எழுதிக் கொடுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களும் இதில் சேர்த்தி. ஸ்லட்ஜ் அள்ளுகிறவர், பாய்லர் காண்ட்ராக்டர், செப்டிக் டேங்க் லாரிக்காரர். அவர்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை என்பதால் உங்கள் மேலாண்மை முறைக்கு வெளியே என்று ஆகாது. ஸ்லட்ஜ் லாரி எங்கே போய்க் கொட்டியது என்பதற்கு மேனிஃபெஸ்ட் (கழிவு லாரியோடு போகும் சீட்டு) நகல் திரும்பி வந்ததா என்று பார்க்கிற ஆள் யார்? பெயர் வேண்டும்.

உள் தணிக்கைக்கு ஒரே விதி, அவரவர் வேலையை அவரவரே தணிக்கை செய்யக் கூடாது. உங்கள் வேலையை அக்கவுண்ட்ஸ்காரர் தணிக்கை செய்யட்டும். பில்லைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்கள், லாக் புக்கில் ஒரே பேனாவில் பத்து நாள் எழுதியிருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒப்படைத்தால் போதாது, தெரியப்படுத்தவும் வேண்டும் என்று முதலில் சொன்னேன் இல்லையா. 5.3 இதை எழுதி வைக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும். எழுதினாலும் எந்த மொழியில்? உங்கள் மெஷின் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள். அழகான ஆங்கிலத்தில் லேமினேட் செய்து ஒட்டினால் அது சுவருக்கு அலங்காரம். ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் மூன்று வரி, டேங்கின் படத்தில் சிவப்புக் கோடு, இது போதும். நல்ல ஆடிட்டர் ஃபைலைக் கேட்பதற்கு முன்னால் அந்த ஆளைத்தான் கேட்பார்: தண்ணீர் இந்தக் கோட்டைத் தாண்டினால் நீ என்ன செய்வாய்?

கன்சல்டன்ட்டின் அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செய்பவர், பதில் சொல்பவர், கலந்து கேட்க வேண்டியவர், தகவல் சொல்ல வேண்டியவர் என்று நான்காகப் பிரித்திருப்பார். நல்ல முறைதான். பதில் சொல்பவர் கட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும், இரண்டு இருந்தால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கூடவே ‘அதிகாரம்’, ‘அவர் இல்லாதபோது’ என்று இரண்டு கட்டம் சேருங்கள். 140 பேர் யூனிட்டுக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்தைச் சோதிக்கத் தீபாவளியைவிட நல்ல நாள் கிடையாது. வாரக் கணக்கில் மெஷின்கள் நிற்கும், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பயாலஜிக்கல் டேங்கில் இருக்கிற பாக்டீரியாவுக்கு லீவு கிடையாது, காற்றும் கொஞ்சம் தீனியும் வேண்டும். காற்று ஊதும் புளோவரை மொத்தமாக நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது டேங்க் கருத்து நாறிக் கிடக்கும், சி.ஓ.டி. (கழிவுநீரில் உள்ள மாசைக் காட்டும் அளவு) பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். எல்லோரும் போன பிறகு புளோவரை யார் ஓட்டுவது, நின்றுபோனால் வாட்ச்மேன் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பெயரை எழுதுங்கள். எழுதும் முன் அவர்கள் டிக்கெட் போட்டுவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.